செவ்வாய்க்கிழமை வராத பையன்

எங்கள் ஆறாம் வகுப்புச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கும். ஐந்து நாள், எட்டுப் பாடவேளை, கட்டம் கட்டமாக. ஜூன் மாதம் நானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டுவேன். அப்படி ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரியாது. ஊருக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் செவ்வாய் என்றால் பொய்கை மாட்டுச் சந்தை, தை பிறந்தால் எருது விடும் விழா, மழை ஓயும் சமயத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி ஆய்கிற வேலை. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. வேலூரிலிருந்து அணைக்கட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கும் ஊரில், ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கணக்கு டீச்சர் என்பது பேருக்குத்தான். ஆள் இல்லாத பாடமெல்லாம் இருக்கிறவர் தலையில் விழும். 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புத் தமிழ் வாசிப்பும், எட்டாம் வகுப்பு சமூக அறிவியலும் எனக்கு வந்தன. அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாவது படித்தவர்கள். 2021 நவம்பர் 1-ஆம் தேதி கதவு திறந்தபோது நாலாவது. எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய வயது வீட்டிலும் கொல்லையிலும் போய்விட்டது.

திங்கட்கிழமையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பழைய தப்பு ஒன்று அங்கேதான் இருந்தது. பல வருடங்களாக வாரத் தேர்வைத் திங்கள் முதல் பாடவேளையில் வைத்து வந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைக்கிறது, படித்துக்கொண்டு வரட்டும் என்ற கணக்கு. மதிப்பெண் எப்போதும் மோசமாகவே வரும். "ரெண்டு நாள் லீவுல என்ன பண்ணீங்க?" என்று கேட்பேன். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பதில் ஒரு பெண்ணின் விரலில் இருந்தது. பென்சிலை எல்லோரையும் போலப் பிடிக்காமல், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதினாள். ஆட்காட்டி விரலைத் தூக்கியே வைத்திருந்தாள். என்ன என்று பிடித்துப் பார்த்தால், நுனியில் முள் ஒடிந்து உள்ளேயே நிற்கிறது. முள்ளுக் கத்தரிக்காய். எங்கள் பக்கத்து இலவம்பாடிக் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. குழம்புக்கு அதை அடித்துக்கொள்ள வேறு காய் இல்லை, ஆனால் காம்பு முழுக்க முள். சனி, ஞாயிறு பறிப்பு. திங்கள் விடியற்காலையும் பறிப்பு, மூட்டை வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டுமே. அதை முடித்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தவளிடம்தான் நான் பின்னங்களின் கூட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஆகஸ்ட் 25-ஆம் தேதி முதல் எங்கள் பள்ளிக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். திங்கள் என்றால் உப்புமா. ஒரே வளாகம், ஒரே வராண்டா. இந்தப் பெண் மூன்றாவது படிக்கும் தம்பியைக் கொண்டுவந்து வரிசையில் உட்கார வைப்பாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை தூணில் சாய்ந்து நிற்பாள். தட்டைக் கழுவிக்கொடுத்துவிட்டு எங்கள் வகுப்புக்கு வருவாள். "எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் இல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள். ஆறாம் வகுப்பு என்றால் பெரிய பிள்ளை ஆகிவிட்டதாக அர்த்தம் என்றா சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை.

செய்தது சின்ன விஷயம்தான். தேர்வைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களிடம் விஷயத்தைச் சொன்னதும், அறுவடை ஆன வீடுகளிலிருந்து வறுத்த மல்லாட்டை வந்தது. ஒரு பெரிய டின்னில் போட்டு வைத்தோம். இதில் ஒரு எச்சரிக்கை: "சாப்பிடாதவங்க மட்டும் வாங்க" என்று ஒருநாளும் கூப்பிடாதீர்கள். முதல் வாரம் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து டின்னை எல்லோருக்கும் சுற்றவிட்டேன். கொறித்துக்கொண்டே வாய்க்கணக்கு. எத்தனை கூடை பறித்தாய், கூடைக்கு எத்தனை கிலோ, கிலோ என்ன விலைக்குப் போனது? திங்கள் முதல் பாடவேளை அவ்வளவுதான். மதிப்பெண் ஏணி வைத்து ஏறிவிடவில்லை. ஆனால் பெயர் மட்டும் எழுதிய வெள்ளைத் தாள் வருவது குறைந்தது.

சரி, செவ்வாய்க்கு வருகிறேன்.

வருகைப் பதிவைக் காலையில் கைப்பேசிச் செயலியில் போட வேண்டும். செவ்வாய்தோறும் ஒரு பையன் பெயருக்கு நேரே மட்டும் 'வரவில்லை' என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஜூலை முழுக்க, ஆகஸ்ட் முழுக்க. கேட்டால் மற்ற பையன்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: "அவன் பொய்கைக்குப் போயிகீறான் மிஸ்." பொய்கை மாட்டுச் சந்தை நம் பக்கம் யாருக்கும் தெரியும். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் செவ்வாய்க்கிழமை கூடும். ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். பையனின் தாத்தா அங்கே தரகு பார்க்கிறவர். தாத்தா கூட்டிக்கொண்டு போகிறார், இவனும் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் மாலை வீட்டுக்கே போய்விட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான். தாத்தா கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, "வாம்மா டீச்சரம்மா, ஒக்காரு" என்றார். நான் ஆரம்பித்ததும் அவருக்கு ஆச்சரியம். "நான் எங்கம்மா இட்னு போறேன்? செவ்வாக்கெழமன்னா அவனே இருட்டுல எழுந்து மூஞ்சி கழுவினு நிக்கிறான். இஸ்கூலு லீவுன்னு இல்ல சொல்றான்?" என்றார். பையன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை, வகுப்பில் உரக்க வாசிப்பது. வரிசையாக, ஆளுக்கு ஒரு பத்தி.

அடுத்த செவ்வாய் வந்தான், தாத்தா அனுப்பிவிட்டார். அவன் முறை வந்தது, எழுந்தான், வாசித்தான். திக்கவே இல்லை! எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் விரலைப் பார்த்தேன். விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது, குரல் இன்னும் நடுவரியில் இருக்கிறது. விரல் அடுத்த வரியைப் பாதி கடந்தபோது குரல் முந்திய வரியை முடித்தது. தன் பெஞ்சுக்கு எத்தனையாவது பத்தி வரும் என்று முன்னாலேயே எண்ணி, பக்கத்துப் பையனை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இருக்கிற ஞாபக சக்தியும் திட்டமும் எனக்கு இல்லை.

நான் செய்தது என்ன? "இதுக்குக் கீழ் வரியைப் படி" என்றேன். நின்றான். "இவ்ளோ நாளா நடிச்சியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அடுத்த இரண்டு செவ்வாய் மறுபடி அவன் வரவில்லை. இந்த முறை சந்தைக்கும் போகவில்லையாம், ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

அதோடு வரிசை வாசிப்பை நிறுத்தினேன். ஏன் இத்தனை காலம் வைத்திருந்தேன் என்று யோசித்தால், எனக்கு அது சுலபம், வேறு காரணமே இல்லை. ஒருவன் வாசிப்பான், மற்றவர்கள் தங்கள் பத்தியை எண்ணிக்கொண்டிருப்பார்கள், வகுப்பு அமைதியாக இருக்கும். அதற்குப் பதில் பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தேன். மூன்று குழு எழுத்து வேலையோ படம் வரைவதோ செய்யும்; நான் ஒரு குழுவோடு பத்து நிமிடம் தரையில் உட்காருவேன். வாசிப்பவன் குரல் எனக்கும் பக்கத்தில் இருக்கிற நாலைந்து பேருக்கும் மட்டும் கேட்டால் போதும். வகுப்பு முன்னால் வாசிக்க வேண்டுமென்றால் தானாகக் கை தூக்கலாம், நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். சத்தம் அதிகம்தான். தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பையனை எப்படி இழுப்பது? ஒரு புதன்கிழமை, இடமதிப்பு நடத்தும்போது அவனைக் கேட்டேன்: "சந்தையில துண்டு போட்டு மூடிக்கிட்டு விரலைப் புடிச்சு விலை பேசுவாங்களே, அது எப்படிப்பா?" அவன் முதலில் நம்பவில்லை, கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்தான். அப்புறம் என் துப்பட்டாவை வாங்கிப் பக்கத்துப் பையன் கையில் போட்டு மூடினான். உள்ளே விரலைப் பிடித்தான். "இப்ப எவ்ளோ சொன்னேன்?" நாலு விரல். நானூறா, நாலாயிரமா, நாற்பதாயிரமா? "கறவை மாடா, கன்னுக்குட்டியான்னு பாத்தா தெரியாதா மிஸ்?" என்றான். அதாவது விரல் அதேதான், எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மாடு சொல்லிவிடும். ஒன்று, பத்து, நூறு என்று நான் கரும்பலகையில் வாரக்கணக்கில் கட்டம் போட்டது அன்றைக்கு அரைமணி நேரத்தில் முடிந்தது. வகுப்பே துப்பட்டா கேட்டது.

அன்றைக்கே அவனை உட்கார வைத்து, சந்தையைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னேன். அவன் சொல்லச் சொல்ல அப்படியே சார்ட்டில் எழுதினேன், 'கீது', 'இட்னு வந்தாங்க' எல்லாம் அவன் வாயில் வந்தபடியே. சக ஆசிரியை ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, கொச்சைத் தமிழைச் சுவரில் ஒட்டலாமா என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தன் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதுதான் இந்தப் பிள்ளைக்கு முதல் படி. இரண்டு வாரம் கழித்து 'கீது' பக்கத்தில் வேறு நிறத்தில் 'இருக்கிறது' என்று எழுதினேன். இரண்டையும் படித்தான். எது புத்தகத்தில் வரும், எது வீட்டில் வரும் என்று அவனே பிரித்துச் சொன்னான்.

இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தான் சொன்ன வரியைப் பிள்ளை மறுநாளே கடகடவென்று படித்துவிடும், நம்பிவிடாதீர்கள். அதுவும் மனப்பாடம்தான். சார்ட்டைச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் குலுக்கிப் போடுங்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் படிக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். முதல் முறை குலுக்கியபோது அவனுக்கு இருபது சொல்லில் ஆறுதான் வந்தது.

சிக்கல் உயிர்மெய்க் குறிகளில் இருந்தது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து என்றால் அவனுக்குக் குழப்பம். 'மொ'வை 'மெ' என்று படித்துவிட்டுப் பின்னால் இருக்கும் காலை அப்படியே விட்டுவிடுவான். குறிகளின் பெயரை நாம் சொல்லிக்கொடுக்கிறோமே தவிர, அந்தப் பெயரைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. அவன் கேட்டான். "கால் பின்னாடி மட்டும்தான் வருமா மிஸ்?" ஆமாம் என்றேன். "கொம்பு முன்னாடி?" ஆமாம். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தான். "அப்ப நடுவுல கீறது உடம்பு. மாடுதான் மிஸ் இது." முன்னால் கொம்பு, பின்னால் கால். இத்தனை வருடம் தமிழ் எழுதுகிறேன், எனக்குத் தோன்றியதே இல்லை. 'பொய்கை' என்று எழுதிக் காட்டினேன். அந்த ஒரு சொல்லிலேயே ஒற்றைக் கொம்பு, கால், இணைக்கொம்பு மூன்றும் இருக்கின்றன. அவன் தவறில்லாமல் எழுதிய முதல் சொல் அதுதான். பேருக்கு முன்னாலேயே அதைத்தான் கற்றுக்கொண்டான்.

எட்டாம் வகுப்பிலும் கிட்டத்தட்ட இதே அனுபவம். வரலாற்றில் வேலூர்ப் புரட்சி வரும்: 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை, காதணியும் நெற்றிக்குறியும் கூடாது என்ற உத்தரவு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம். நோட்ஸ் கொடுத்தபோது கொட்டாவி விட்டார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினான் என்ற இடத்தில் ஒருத்தி நிமிர்ந்தாள். "நம்ம ஆற்காடா மிஸ்? பஸ்ஸுல போறமே அதுவா?" அதேதான். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். செய்தி சொல்ல ஒருவன் போக வேண்டும், பிறகு படை கிளம்பி வர வேண்டும், விடியற்காலையில் தொடங்கியது அன்று பகலுக்குள் எப்படி முடிந்தது? குதிரை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அரைமணி நேரம் சண்டை. சமூக அறிவியல் வகுப்பில் கணக்கு நடத்திவிட்டேன் என்று எனக்கு ரகசிய சந்தோஷம்.

புதன் என்றதும் ஜனவரி, பிப்ரவரி நினைவுக்கு வருகிறது. பொங்கலிலிருந்து ஊர் ஊராக எருது விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் மாட்டுக்குப் பரிசு. ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் பாடம் ஓடாது, வினாடிக் கணக்குதான் ஓடும். நான் பலகையில் 8.45, 8.50 என்று எழுதி எந்த மாடு முதல் என்று கேட்டேன். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். பிறகு 8.50-இன் பூஜ்யத்தை அழித்துவிட்டு அதையே கேட்டேன். பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள், 5-ஐவிட 45 பெரிது என்று. "பூஜ்யத்தை அழிச்சா மாடு வேகமா ஓடிடுச்சா?" என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புதன் தேர்வில் தசமத்தில் தவறு செய்தவர்கள், விழாவுக்கே போகாத சில பெண் பிள்ளைகள்தான். அது என் தவறு. அடுத்த முறை அவர்களுக்காக ஓட்டப்பந்தயத்தை மைதானத்திலேயே வைத்து, கைப்பேசியில் நேரம் எடுத்தோம்.

வியாழனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாடம் ஓடும் நாள் அதுதான். மாலையில் எட்டாம் வகுப்புக்குத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கான பயிற்சி. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90. பழைய வினாத்தாளைக் கொடுப்பதோடு, விடைத்தாளில் வட்டத்தை நிரப்பவும் பழக்குங்கள். கேள்வி ஒன்றைத் தாண்டிவிட்டு வட்டத்தைத் தாண்ட மறந்து, அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒரு வரி தள்ளி நிரப்பிய பிள்ளை எங்களிடம் உண்டு.

வெள்ளி கடைசிப் பாடவேளை வாரப் பக்கம். அந்த வாரம் நடந்ததில் ஏதாவது ஒன்றை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். நான் சிவப்பு மையால் தொட மாட்டேன். சார்ட்டும் தெர்மாகோலும் வைத்துச் செய்யும் செயல்திட்டங்களைக் கம்ப்யூட்டர் சென்டர்காரர் செய்து கொடுத்துவிடுவார், மதிப்பெண்ணும் அவருக்குத்தான் சேர வேண்டும். இந்த ஒரு பக்கத்தை யாரும் செய்து தர முடியாது. வீட்டில் தெலுங்கு பேசும் பெண் அப்பாவை 'நைனா' என்றே எழுதுவாள். எழுத வராதவர்கள் படம் போட்டு, கீழே ஒரு சொல். நம் பையன் நவம்பர் வரை படம்தான் போட்டான். டிசம்பரில் படத்துக்குக் கீழே இரண்டு சொல் வந்தது. பிப்ரவரியில் நாலு வரி வந்தது, ஒற்று எதுவும் இல்லாமல். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அவனால் இன்னும் தடையில்லாமல் வாசிக்க முடியாது. மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாசிப்பான். செவ்வாய்க்கிழமை வருகிறான்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு தாளை வைத்துவிட்டு ஓடினான். விடுப்பு விண்ணப்பம். 'நாளை எங்கள் கண்று விற்க பொய்கை போகிறோம். லீவு வேணும்.' ரெண்டு சுழி, மூன்று சுழி எல்லாம் அவனுக்கு இன்னும் வரவில்லை. மறுநாள் செயலியில் 'வரவில்லை' என்று போடும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

புதன்கிழமை காலை மல்லாட்டை டின்னுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கன்று என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு விஷயம் சொன்னான். வழியில் ஒரு கடை போர்டாம். வண்டி நின்றபோது படித்தானாம்.

"மட்டுத் தீவனம்னு எழுதி வெச்சிகீறாங்க மிஸ். மாட்டுக்குக் காலே போடல."